‘போலவே’ என்று எழுதியிருந்தாள்

மகனுக்கு,

நீ அனுப்பிய கையேடு வந்து சேர்ந்தது. நம் தபால்காரர் எத்தனையோ உருப்படியான கடிதங்களை மழையில் நனைத்து, எழுத்தே தெரியாமல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இதை மட்டும் ஒரு மூலைகூட மடங்காமல் கொடுத்தார். ‘வகுப்பறை வினாக்கள்’ என்று தலைப்பு. தட்டச்சில் தொண்ணூறு பக்கம். முதல் பக்கத்தில் ‘வினாக் கேட்கும் கலையை எனக்குக் கற்பித்த அன்னைக்கு’ என்று ஒரு வரி. அச்சுக்குப் போகும் முன் நான் இரண்டு வார்த்தை வாழ்த்தி எழுத வேண்டுமாம். அடுத்த மாதம் பழனியில் ஆசிரியர்களைக் கூட்டி வைத்து, பிள்ளைகளைக் கூர்ந்து படிக்க வைக்கும் கேள்விகளை எப்படி எழுதுவது என்று நீ பயிற்சி கொடுக்கப் போகிறாயாம். உன் அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: “புள்ள பெரிய காரியம் பண்ணியிருக்கான். நல்லதா நாலு வார்த்த எழுதிப் போடு.” நல்லதாக எழுத முடியவில்லை, நாலு வார்த்தையிலும் முடியவில்லை. இந்த உறையை நான் ஒட்டப் போவதில்லை. உன் ஆபீசில் தபால் பிரிக்கிறவரும் படிக்கட்டும், உன்னோடு உட்கார்ந்து டீ குடிக்கிற பயிற்சி ஆசிரியர்களும் படிக்கட்டும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உன் கையேட்டை மூன்று முறை படித்தேன். அந்தப் பாடங்களுக்கு நீ செய்யாத மரியாதையை உனக்கு நான் செய்தேன். உனக்குத் தெரிந்த கேள்விகள் மொத்தம் மூன்று. யார் என்று ஒன்று, எங்கே எப்போது என்று ஒன்று, இக்கதையால் அறியப்படும் நீதி யாது என்று ஒன்று. இந்த மூன்றையும் தொண்ணூறு பக்கத்துக்கு இழுத்து, நடுவில் ‘சிந்தனையைத் தூண்டும் வினாக்கள்’ என்று அடிக்கோடிட்டு ஒரு தலைப்பும் கொடுத்திருக்கிறாய். அதன் கீழே இருக்கும் கேள்வி: ‘நீயும் அரசனைப் போல் கொடை அளிப்பாயா?’ அளிப்பேன் என்று எழுதிவிட்டுப் பிள்ளை விளையாடப் போய்விடும். இதில் எது தூண்டியது, எது சிந்தித்தது?

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். இதில் பாதி என்னுடையது. ‘பாடத்தின் சாராம்சத்தை ஐந்து வரிகளில் எழுதுக’ என்று ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் வருகிறதே, அது என் கை. என் பச்சை அட்டை நோட்டைப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். கேட்டாயா? கேட்டிருந்தால், கரையான் தின்னட்டும் என்று நானேதான் அதை மேலே தூக்கிப் போட்டேன் என்று சொல்லியிருப்பேன். கரையானுக்குக்கூட வேண்டாத ஒன்றை நீ அச்சேற்றப் போகிறாய். அந்த நோட்டை ஏன் தூக்கிப் போட்டேன் என்று உனக்கு இதுவரை சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம். இப்போது சொல்கிறேன். உன் மேல் இருக்கிற எரிச்சல் அந்த வெட்கத்தை விடப் பெரிதாகிவிட்டது.

நீ அப்போது ஆறாம் வகுப்பு. நாம் சேவுகம்பட்டிக்குப் பக்கத்து ஊரில் இருந்தோம். நான் அந்த ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை தமிழ் எடுத்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் பதினைந்து கேள்வி, பதினைந்து விடை. கரும்பலகையில் எழுதிப் போடுவேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், மறுநாள் ஒப்பிப்பார்கள். பாட நூலைத் திறந்தால் நேரம் வீண் என்று நான் சொன்னதை நீயே கேட்டிருப்பாய். பரீட்சையில் என் பிள்ளைகள் யாரும் தோற்றதில்லை. ஹெட்மாஸ்டர் போகிற வருகிற இடமெல்லாம் என்னைப் புகழ்ந்தார். அந்த மனிதர் தம் வாழ்நாளில் நாட்காட்டியைத் தவிர வேறெதையும் வரி வரியாகப் படித்தவர் இல்லை. அவர் புகழ்ந்ததில் எனக்குத் தலை கனத்தது என்றால் நான் எப்படிப்பட்டவள் என்று நீயே பார்த்துக்கொள்.

அந்த நாளில் என்னிடம் படித்தவர்களில் முதல் மாணவி மரகதம். பூ விவசாயம் செய்யும் அழகம்மாளின் ஒரே மகள். உனக்கு நாலைந்து வயது மூத்தவள். பதினைந்து விடையையும் ஒரு சொல் பிசகாமல் எழுதுவாள். கடிதம் எழுதும் முறையையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நலம், நலமறிய ஆவல், இங்கு எல்லாரும் சௌக்கியம் என்று வரிசையாக. எட்டு முடித்து இரண்டு வருடம் பூப்பறித்துக் கொண்டிருந்தாள். பிறகு நெய்க்காரப்பட்டியில் தென்னந்தோப்பு உள்ள ஒரு வீட்டில் கட்டிக் கொடுத்தார்கள். ஆறு மணிநேரப் பயணம், மூன்று பஸ். அடிக்கடி போய்வர முடியாது. கார்டுதான் வரும். அழகம்மாளுக்கும் அவள் புருஷனுக்கும் எழுத்துத் தெரியாது. கார்டு வந்தால் காலையில் பூ எடுத்து முடித்த கையோடு, பள்ளி மணி அடிப்பதற்குள் என்னிடம் ஓடி வருவாள்.

நான் எப்படி வாசித்தேன் தெரியுமா? வாசிக்கவே இல்லை. ஒரு பார்வை பார்ப்பேன், பிறகு சொல்லுவேன்: “ஒம்மக நல்லா இருக்காளாம். மாமியார் நல்லா வெச்சிருக்காங்களாம். ஒரு கொறையும் இல்லையாம்.” அவ்வளவுதான். சாராம்சம். ஐந்து வரிகூட இல்லை, மூன்று வரி. அவள் கார்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவாள். இப்படி எட்டு மாதத்தில் மூன்று கார்டு.

நாலாவது கார்டு வந்த காலையில் நான் பாடக்குறிப்பு எழுதிக் கொண்டிருந்தேன். அவசரம். வழக்கம்போல் ஒரு கண்ணை ஓட்டிவிட்டு, “நல்லா இருக்காளாம்” என்று தொடங்கினேன். அழகம்மாள் போகவில்லை. “டீச்சர், இன்னைக்கு நீங்க சொல்ல வேணாம். அவ எழுதுனத எழுத்துக்கு எழுத்து அப்படியே வாசிங்க. எம்புள்ள பேசுறதக் கேட்டு எட்டு மாசம் ஆச்சு” என்றாள். சலித்துக்கொண்டேதான் வாசித்தேன். அந்தக் கார்டில் இருந்ததை இன்றைக்கும் என்னால் பார்க்காமல் சொல்ல முடியும். ‘நலம், நலமறிய ஆவல். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தை தம் மகளை வைத்திருப்பது போலவே என்னையும் வைத்திருக்கிறார்கள். வெயில் என் மேல் படுவதே இல்லை. நான் எங்கும் போக வேண்டியதில்லை. சாப்பாடு இருக்கும் இடத்துக்கே வந்துவிடுகிறது. டீச்சரைக் கேட்டதாகச் சொல்லவும்.’

“செத்த நிறுத்துங்க” என்றாள். “மகளப் பத்தி ஒரு வரி வந்துச்சே, அத இன்னொருக்கா வாசிங்க.”

வாசித்தேன்.

“போலவேன்னா எழுதியிருக்கா? நல்லாப் பாருங்க. மக மாதிரி வெச்சிருக்காகன்னு எழுதலயா?”

“ரெண்டும் ஒண்ணுதானே அழகம்மா.”

“ஒண்ணு இல்ல டீச்சர்.” அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அதுக்கு அடுத்தாப்புல என்ன? வெயிலு படலயா? எம்மக வெயில்ல பூவெடுத்து வளந்தவ. வெயிலு படலைங்கிறத எதுக்கு எழுதுதா? ஆட்டப் பத்திக் கேட்டிருக்காளா? அவ அப்பனப் பத்தி? எப்ப வருவேன்னு எழுதியிருக்காளா?”

“இல்ல.”

“எழுதாததையும் சேத்துப் பாருங்க.”

அப்பு, நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு பாடத்தைப் பற்றி யாரும் கேட்காத கேள்விகளை, எழுத்து வாசனை அறியாத ஒருத்தி, ஒரு கார்டைப் பற்றி என்னிடம் வரிசையாகக் கேட்டாள். எந்தச் சொல்? அந்தச் சொல்லா, வேறு சொல்லா? ஏன் அந்தச் சொல்? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது? உன் தொண்ணூறு பக்கத்தில் இந்த நான்கில் ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார். நான் தேடிவிட்டேன்.

பிறகு அழகம்மாள் சொன்னாள். நிச்சயத்துக்குப் போயிருந்தபோது கை கழுவப் பின்பக்கம் போயிருக்கிறாள். மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு அறை, வெளியே பூட்டு, உள்ளே யாரோ முனகும் சத்தம். கேட்டதற்கு, அந்த வீட்டு மூத்த பெண் தெய்வானைக்கு வலிப்பு, அடுப்புப் பக்கம் போய் விழுந்துவிடுகிறாள், அதனால் உள்ளே வைத்திருக்கிறோம் என்று சொன்னார்களாம். “எல்லா வீட்டுலயும் ஒரு கஷ்டம் இருக்கத்தான் செய்யும்னு நெனச்சேன் டீச்சர். பாத்துட்டு வந்துதான் குடுத்தேன்” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அத்தை தம் மகளை வைத்திருப்பது போலவே.

அன்றைக்குப் பள்ளிக்கு லீவு சொன்னேன். அழகம்மாள், அவள் புருஷன், நான், மூவரும் வத்தலக்குண்டில் பஸ் ஏறித் திண்டுக்கல், அங்கிருந்து பழனி, அங்கிருந்து நெய்க்காரப்பட்டி. போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி இருக்கும். மாப்பிள்ளை தோப்புக்குப் போயிருந்தான். மாமியார் வாசலிலேயே எதிர்கொண்டாள். நல்ல வெள்ளைச் சேலை, நெற்றி நிறைய விபூதி. “வாங்க வாங்க. ஏனுங்க, ஒரு கார்டு போட்டுட்டு வந்திருக்கக் கூடாதுங்களா? மருமக கோயிலுக்குப் போயிருக்குதுங்க. உக்காருங்க, மோர் கொண்டாறேன்” என்றாள். அழகம்மாள் புருஷன் வாசலில் நின்றுவிட்டார். நான் உட்கார்ந்தேன். கேட்கிறாயா? மோர் என்றதும் நான் உட்கார்ந்தேன். கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னதும், அப்படியானால் சரி என்று என் புத்தி ஒத்துக்கொண்டது. சொன்னதைச் சொன்னபடி வாங்கிக்கொள்ளும் புத்தி. அழகம்மாள் உட்காரவில்லை. நேரே நடந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். “ஏனுங்க, அங்கெல்லாம் போகாதீங்க, மாடு முட்டுமுங்க” என்று மாமியார் பின்னால் ஓடினாள். நான் எழுந்து போனபோது அழகம்மாள் அந்தப் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். “சாவி” என்றாள். அந்த ஒரு சொல்லை மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை மாமியார் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

கதவு திறந்ததும் மரகதம் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தோல் வெளுத்து, பிரம்புபோல் இருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே தெய்வானை. முப்பது வயது இருக்கும், குழந்தைபோல் விழித்தாள். விஷயம் இதுதான்: தெய்வானையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றுதான் மருமகளே எடுத்திருக்கிறார்கள். முதல் மாதம் பகலில் மட்டும் உள்ளே இருந்திருக்கிறாள். ஒருநாள் பஸ் நிற்கும் இடம் வரை ஓடிப் போய்விட்டாள். பிடித்து வந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே பூட்டு. கார்டு எழுதச் சொல்லிப் புருஷன் கொண்டுவந்து கொடுப்பான், எழுதியதை ஒரு வரி விடாமல் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் தபாலில் போடுவான். அவனும் எட்டாம் வகுப்புத் தேறியவன். வாசித்து என்ன? ‘அத்தை மகளைப் போல’ என்றதும் அவன் அம்மாவைப் புகழ்ந்திருக்கிறாள் என்று அவனுக்கும் குளிர்ந்துபோயிருக்கிறது. அவனுக்கும் என்னைப் போல ஒரு டீச்சர் வாய்த்திருப்பாள்.

புறப்படும்போது மரகதம் நகரவில்லை. “அண்ணியையும் கூட்டிட்டுப் போவோம் ஆத்தா” என்றாள். அழகம்மாள் என்னைப் பார்த்தாள். நான், “அது அவுங்க வீட்டு விஷயம், வா” என்று மரகதத்தின் கையைப் பிடித்து இழுத்தேன். முந்தானையைத் தெய்வானையின் விரல்களிலிருந்து நான்தான் பிரித்து எடுத்தேன். இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

திரும்பி வரும் பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டியது. பிறகு நான்தான் கேட்டேன். “எப்பருந்துடி இப்படி எழுதுன?”

“மொதக் கார்டுலயே எழுதிட்டேன் டீச்சர். நாலுலயும் அதே வரிதான்.”

“எனக்குப் புரியலையேடி.”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில். “ஒங்களுக்குன்னு எழுதலயே டீச்சர். நீங்க படிக்க மாட்டீகன்னு எனக்குத் தெரியும். வாசிச்சாவது காட்டுவீகன்னு நெனச்சேன். எங்க ஆத்தா காதுல விழுந்தாப் போதும்னுதான் எழுதுனேன்.”

வீட்டுக்கு வந்ததும் அழகம்மாள் பானைக்குள் வைத்திருந்த மற்ற மூன்று கார்டையும் வாங்கிப் பார்த்தேன். அதே வரி. மூன்றிலும் அதே ‘போலவே’. மூன்றாவது கார்டு எழுதிய வாரத்தில் அவள் வயிற்றில் இருந்தது அந்த அறைக்குள்ளேயே கலைந்துபோயிருக்கிறது. முதல் கார்டை நான் வாய் திறந்து வாசித்திருந்தால் அந்தப் பிள்ளை பிறந்திருக்கும். உனக்கு நான் கற்றுக்கொடுத்ததாக நீ அச்சடிக்கப் போகும் கலை இதுதான்.

அந்த வாரமே பச்சை நோட்டைப் பரணில் எறிந்தேன். புதிதாகக் கேள்வி எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. யார், எங்கே, நீதி யாது. கை தானாக அதையே எழுதியது. கடைசியில் ஒரு வழி கண்டேன். அழகம்மாளிடம் பாடத்தை வாசித்துக் காட்டினேன். அவள் பூத்தொடுத்துக்கொண்டே கேட்பாள். எங்கே நிறுத்தச் சொல்கிறாளோ அந்த இடத்தில்தான் கேள்வி இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். உனக்கு நினைவிருக்கும், பூசணிக்காய்ப் பாடம். ஏழை உழவன் தன் தோட்டத்தில் காய்த்த பெரிய பூசணிக்காயைச் சுமந்துகொண்டு அரண்மனைக்குப் போகிறான், அரசன் பொற்காசு கொடுக்கிறான். ‘உழவன் பூசணிக்காயை இறக்கி வைத்தான். அமைச்சரும் சிரித்தார். அரசன் பொற்காசுகள் அளித்தான்’ என்று வரும். அழகம்மாள் நிறுத்தச் சொன்னாள். “அமைச்சரும்னா? அவருக்கு முன்னால யாரு சிரிச்சா?” நான் பன்னிரண்டு வருடம் நடத்திய பாடம் அது. அந்த ‘உம்’ என் கண்ணில் பட்டதே இல்லை.

மறுவாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். பட்டுக்கரை வேட்டி, கையில் வெற்றிலைப் பெட்டி, பேச்சில் பாதி அவர் பார்த்த ஊர்களின் சாப்பாடு. அவர் முன்னால் ஆறாம் வகுப்பில் இதையே கேட்டேன்: “முதல்ல சிரிச்சது யாரு? புத்தகத்தப் பாத்துச் சொல்லுங்க.” பிள்ளைகள் முதல்முறையாகப் புத்தகத்துக்குள் தலையை விட்டார்கள். ஒருத்தி எழுந்து, “அரசன்தான் டீச்சர். அங்க மூணு பேருதான் இருக்காங்க. ஒழவன் சிரிக்க மாட்டான், சொமந்துட்டு வந்தவன்” என்றாள். இன்னொருவன், “அப்ப சிரிச்சுட்டுத்தான் காசு குடுத்தானா? அது பரிசா, கேலியா?” என்றான். வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. இன்ஸ்பெக்டர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “இந்தப் பாடத்தின் நீதி என்ன? யாராவது ஒழுங்காச் சொல்லுங்க பார்ப்போம்” என்றார். அப்போது எழுந்தாய் நீ. கையைக் கட்டிக்கொண்டு, “கொடையே தலைசிறந்த அறம் என்பதாம்” என்று ஒப்பித்தாய். அவர் உன் கன்னத்தைத் தட்டினார். பார்வைப் புத்தகத்தில் என்னைப் பற்றி, ‘ஆசிரியை பாட நூலுக்கு வெளியே கேள்வி கேட்கிறார்’ என்று எழுதிவிட்டுப் போனார். பாட நூலுக்கு உள்ளே இருந்து அந்தப் பள்ளியில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். அந்த மனிதருக்கு உள்ளே எது வெளியே எது என்று தெரியவில்லை. தெரியாமலே ஓய்வு பெற்று, இப்போது கல்வியைப் பற்றிக் கூட்டங்களில் பேசுகிறார். உன்னைத் தட்டிக் கொடுத்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைக்குத்தான் இப்போது தொண்ணூறு பக்கம் வந்திருக்கிறது.

மாதாமாதம் சுற்று வட்டார ஆசிரியர்கள் கூடும் கூட்டத்தில் நானும் ஒருமுறை எழுந்து பேசினேன். ஒரு கேள்வி எழுதினால் அதைப் புத்தகத்தைப் படிக்காத ஒருவரிடம் முதலில் கேளுங்கள், அவர் பதில் சொல்லிவிட்டால் கேள்வியைக் கிழித்துப் போடுங்கள் என்றேன். பதில் சொல்கிற பிள்ளையின் விரல் ஒரு வரியின் மேல் இருக்க வேண்டும் என்றேன். கேட்கிற நமக்கே விடை நிச்சயமில்லாத கேள்வி வாரத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும் என்றேன். பாதிப் பேர் பஜ்ஜி எப்போது வரும் என்று வாசலைப் பார்த்தார்கள். ஒருவர், “அம்புட்டு நேரம் எங்க டீச்சர் இருக்கு? போர்ஷன் முடிக்கணும்ல” என்றார். இன்னொருவர் மட்டும் உண்மை பேசினார்: “இப்படிக் கேட்டுப் பழக்குனா, நாளைக்குப் பிள்ளைக நம்மளையே கேக்குமே!” எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பயத்தின் மேல்தான் நம் பள்ளிக்கூடங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. மூன்று மாதத்தில் எனக்கு மாற்றல் வந்தது. அங்கே இரண்டாம் வகுப்புக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கப் போட்டார்கள். நீ ஹைஸ்கூலுக்காகத் திண்டுக்கல் போனாய், விடுதியில் தங்கினாய், என் நல்ல காலத்தில் என்னிடம் முழுதாக ஒரு வருடம்கூடப் படிக்கவில்லை. என் கெட்ட காலத்தின் மாணவன் நீ. அது உன் தவறில்லை. ஆனால் அதற்குப் பிறகு பி.ஏ., பி.டி. என்று படித்தாயே, அங்கே ஒரு வரியையாவது நிறுத்திப் பார்க்க உனக்குத் தோன்றவில்லையா? இருபத்தாறு வயதில் ஊராருக்குப் பயிற்சி கொடுக்கத் துணிந்தவனுக்கு அதுகூடத் தோன்றாவிட்டால் எப்படி?

மரகதம் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அடுத்த வருடம் திண்டுக்கல்லில் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து டீச்சரானாள். வேலை கிடைத்த முதல் விடுமுறையில் தனியாக நெய்க்காரப்பட்டிக்குப் போனாள். மாமியார் படுத்த படுக்கை, புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டு தோப்போடு இருந்தான். தெய்வானையைக் கூட்டிக்கொண்டு போவதை யாரும் தடுக்கவில்லை. பாரம் குறைந்தது என்று அனுப்பிவிட்டார்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்ததில் வலிப்பு அடங்கியது. இப்போது பழனியில் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். நான் பிரித்துவிட்ட விரல்களை அவள் போய்த் திரும்பப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

போன சனிக்கிழமை வந்திருந்தாள். “தம்பி நடத்துற பயிற்சியாமே டீச்சர், எனக்கும் ஆர்டர் வந்திருக்கு” என்றாள். உன் கையேட்டை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்து, காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை ஒரு பக்கம் தள்ளாமல் படித்தாள். உன் அப்பா, “எப்படித்தா இருக்கு, நம்ம பய எழுதுனது?” என்று ஆசையாகக் கேட்டார். அவள் தாள்களைத் தட்டி அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “இதுல இருக்கிற அம்புட்டுக் கேள்விக்கும் புத்தகத்தத் தெறக்காமலே பதில் சொல்லிறலாம் டீச்சர்.” பிறகு, தெய்வானைக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் என்று மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். உன் அப்பா அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னும் சந்தோஷமாக இருக்கிறார். நான் திருத்தவில்லை.

ஆகவே வாழ்த்துரை கிடையாது. முதல் பக்கத்தில் இருக்கும் அந்த வரியை இன்றே அடித்துவிடு. கையேட்டை அச்சுக்கு அனுப்பாதே; அனுப்பினால் நான் பத்திரிகைக்கு எழுதுவேன், உன் பெயரோடு. பயிற்சிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள். உன் வீட்டுக்குப் பால் ஊற்ற வருகிறவரோ, உன் ஆபீஸ் பியூனோ, யாரையாவது உட்கார வைத்து அதை வாய்விட்டு வாசி. அவர்கள் நிறுத்தச் சொன்னால் நிறுத்து. நிறுத்தச் சொல்லவே இல்லை என்றால் நீ வாசித்த விதம் சரியில்லை, மறுபடி வாசி. பத்தொன்பது நாளில் ஒரு கேள்வி கிடைத்தால் போதும். அதை மட்டும் எடுத்துக்கொண்டு பழனிக்கு வா.

நானும் வருகிறேன். மரகதம் மூன்றாவது வரிசையில் இருப்பாள், நான் கடைசி வரிசையில் சுவர் ஓரமாக. நீ கேள்வியைக் கேட்கும்போது உன் முகத்தைப் பார்க்க மாட்டேன், அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கை பாட நூலை எடுத்துத் திறந்தால், பக்கத்தில் இருப்பவளிடம் உன்னைக் காட்டி, அவன் என் மகன் என்று சொல்வேன். திறக்காவிட்டால் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து பஸ் ஏறிவிடுவேன்.

உன் அம்மா